ரெங்கத்து மண்ணும் சங்கத்துக் கணக்கும்

ஜொகூர் நாட்டில், குளுவாங்கிற்குத் தெற்கே, இருப்புப்பாதையை ஒட்டி ரெங்கம் என்றொரு சிற்றூர் இருக்கின்றது. 1909ஆம் ஆண்டில் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையில் ரயில் பாதை போட்டு முடிந்தது. அதன் இருமருங்கிலும் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர்களுள் இதுவும் ஒன்று. இதன் பெயரை மலேயா நாட்டு மண்ணை ஆராய்ந்தோர் நன்கறிவர். கருங்கற்பாறை சிதைந்து உண்டான ஆழமான மண்வகை ஒன்றிற்கு அவர்கள் ‘ரெங்கம் வரிசை’ என்றே பெயர் சூட்டியிருக்கின்றனர். ரப்பர் மரம் செழித்து வளர ஏற்ற மண் அது.

மண்ணுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அம்மண்ணைத் திருத்திக் கன்று நட்டுப் பால் வெட்டிய மக்களுக்குக் கிடைத்தது யாது? துரைமாரின் சரித்திரம் கம்பெனி அறிக்கைகளில் இருக்கின்றது. சர்க்காரின் சரித்திரம் கச்சேரித் தஸ்தாவேஜுகளில் இருக்கின்றது. அவ்விரண்டிலும் தொழிலாளி ஓர் எண்ணிக்கையாக மட்டுமே காணப்படுகின்றான். அவன் சரித்திரத்தை அறிய விரும்புவோர் அவனே கூடி அமைத்த சங்கங்களின் நடவடிக்கைப் புத்தகத்தையும் வரவு செலவுக் கணக்கையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும் என்பது நமது துணிபு. பிறர் இட்டதை உண்டு பிறர் சொன்னதைச் செய்து வந்த ஒரு கூட்டம் தன் காசைத் தானே சேர்த்து, தன் கணக்கைத் தானே கேட்கத் தொடங்கிய நாளே அதன் சரித்திரம் தொடங்கிய நாள்.

இஃது எத்துணைப் பெரிய மாறுதல் என்பதை அறியவேண்டுமானால் அக்காலத்துத் தோட்ட வாழ்வைச் சிறிது நினைத்துப் பார்க்கவேண்டும். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. அதற்கு முன்னரே, 1907இல், முதலாளிகளிடம் வரி தண்டி ஆட்களைக் கப்பலேற்றி வரும் குடியேற்ற நிதி ஏற்பட்டிருந்தது. ஊரிலிருந்து கூட்டிவந்தவன் கங்காணி. குடியிருந்த லயம் தோட்டத்தாருடையது. கோயிலும் ஆயாக் கொட்டகையும் பள்ளிக்கூடமும் தோட்டத்திற்குள்ளே அடக்கம். விடியுமுன் பிரட்டுக்கு நின்று பெயர் கொடுத்தால்தான் அன்றையக் கூலி. தோட்டம் தனியார் நிலம் ஆதலின், வெளியார் ஒருவர் உள்ளே வந்து நான்கு பேரைக் கூட்டிப் பேசவேண்டுமானாலும் துரையின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறல் குற்றம். ஊரில் விட்டு வந்திருக்கவேண்டிய சாதியோ அனுமதி எதுவும் கேளாமலே கப்பலேறி வந்து லயங்களிலும் குடியேறிவிட்டது! இந்நிலையில் மக்கள் ஒரு பாயில் சமமாக உட்கார்ந்து தலைவரைத் தேர்ந்தெடுத்தனர் என்றால், அது சாமானியமான காரியமா?

இம்மாறுதலுக்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் பெரியார் ஈ.வெ.ராமசாமி அவர்களின் மலேயாப் பிரயாணம் ஒன்று. 1929 டிசம்பரில் பினாங்கில் இறங்கிய அவர் ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டு சிங்கப்பூர் வரையில் சென்று பேசினார். அதன்பின் 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. கோ.சாரங்கபாணி முதலியோர் அதில் உழைத்தனர். 1935 ஜூலை 6ஆம் நாள் ‘தமிழ் முரசு’ அச்சங்கத்தின் குரலாக ஒரு காசு விலையில் வார இதழாய் வெளிவந்தது. ஜொகூர்க் கால்வாயைக் கடந்து ரயிலும் ஓடத் தொடங்கிவிட்ட காலம் அது. சிங்கப்பூரில் அச்சான தாள் இப்போது வண்டியேறித் தோட்டப்புறங்களுக்கு வரலாயிற்று. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாத பத்துப்பேர் சுற்றியிருந்து கேட்பர். எங்கோ ஒரு தோட்டத்தில் சங்கம் கூடிற்று, தீர்மானம் நிறைவேற்றிற்று என்று கேட்டவன், ‘நாமும் கூடினால் என்ன?’ என்று எண்ணினான்.

கூட்டம் என்பது அவனுக்கு எதைக் கற்பித்தது என்பதைக் கவனிப்போம். கூட்டத்திற்குத் தலைவர் ஒருவர் வேண்டும்; ஆனால் அவர் கங்காணியைப்போல் மேலிருந்து வருபவர் அல்லர், கைதூக்கி அமர்த்தப்படுபவர். சென்ற கூட்டத்தின் குறிப்பைக் காரியதரிசி படிக்கவேண்டும். பிழையிருந்தால் எவரும் எழுந்து சொல்லலாம். பொருளாளர் வரவையும் செலவையும் வாசிக்கவேண்டும். எண்ணெய் விளக்குக்கு எத்தனை காசு, தபாலுக்கு எத்தனை காசு என்று கேட்கப் பால்வெட்டுக்காரனுக்கும் உரிமையுண்டு. பகலில் பிரட்டில் கேள்வி கேட்கக் கூடாதவன் இரவில் சங்கத்தில் கேள்வி கேட்கின்றான்! இந்தப் பழக்கத்திற்கு ஈடான பள்ளிக்கூடம் வேறில்லை.

அவன் கொடுத்த காசு எவ்வளவு பெரியது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் முக்கியமான பகுதிகளில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வகுத்திருந்தனர். ஆண் ஒருவன் 10 காசு சந்தா கொடுத்தால் அது ஒருநாள் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு. பெண் கொடுத்தால் நாலில் ஒரு பங்கு. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது இக்கூலியும் குறைந்தது. வேலையிழந்த பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அத்தகையோரிடமிருந்து வந்த காசுக்குக் கணக்குச் சொல்லாதவன் ஒரு வேளை உணவைத் திருடியவனாவான்.

தோட்டங்களில் வேறொரு நிதியும் இருந்தது. அதுதான் கள்ளு நிதி! தோட்டத்துக் கள்ளுக்கடையின் இலாபம் தொழிலாளரின் நலத்திற்கே செலவிடப்படும் என்றனர். அதாவது, தகப்பன் குடித்தழித்த கூலியில் ஒரு பகுதி மகன் விளையாடும் மைதானமாகத் திரும்பிவரும். குடிகேட்டை வளர்த்து அதன் இலாபத்தில் தர்மம் செய்யும் இவ்வேற்பாட்டை என்னென்பது! சங்கத்து நிதிக்கும் கள்ளு நிதிக்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்தவனுக்குச் சுயமரியாதை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சங்கம் பேச்சோடு நிற்கவில்லை என்பதற்குச் சிலாங்கூரில் நிகழ்ந்தது சான்று. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் 1941இல் தோட்டத் தொழிலாளரின் குறைகளை எடுத்துரைத்தது. அவர்கள் கேட்டவை யாவை? கூலி உயர்வு மட்டுமன்று; கள்ளுக்கடைகளை மூடவேண்டும், உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் வந்துபோக உரிமை வேண்டும், கூட்டம் கூடவும் பேசவும் உரிமை வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் கொடுமை ஒழியவேண்டும் என்றனர். அச்சங்கத்தில் உழைத்த பத்திரிகையாளர் ஆர்.எச்.நாதன் அவ்வாண்டு மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது, பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர் மாண்டனர். சைக்கிளிலிருந்து இறங்க மறுத்ததற்கு இத்துணை விலை!

பின்னர் யுத்தம் வந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் - பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டு, காலராவாலும் பட்டினியாலும் மடிந்தனர். அதே ஆண்டுகளில் இந்திய சுதந்திரச் சங்கம் ஊர்தோறும் கிளை வைத்து நிதி திரட்டியது. தோட்டத்து ஆண்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். பால்வெட்டிய பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தனர். அரசியல் முடிவு எதுவாயினும், அணிவகுத்து நிற்கவும் அஞ்சாது பேசவும் தோட்டத்தார் கற்றது அக்காலத்தில்தான்.

அப்பயிற்சியின் பயனாக 1946இல் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. பீடோங்கிற்கு அருகிலுள்ள ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம்.சாமி அதனை நடத்தினார். தொண்டர்கள் லயங்களைச் சுத்தம் செய்தனர்; கள்ளுக்கடை வாசலில் நின்று உள்ளே செல்வோரைத் தடுத்தனர். 1947இல் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அவர்தம் தியாகத்தைப் போற்றுகின்றோம். ஆயினும் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. குடித்தவர்களைத் தாமே விசாரித்துத் தாமே தண்டிக்கவும் தொண்டர்கள் தலைப்பட்டனர். தொண்டன் நீதிபதியாகும்போது தொண்டு ஒழிந்து அதிகாரம் பிறக்கின்றது. கங்காணியின் பிரம்பைப் பிடுங்கி இன்னொருவன் கையில் கொடுப்பது சீர்திருத்தமாகாது.

1948இல் அவசரகாலச் சட்டம் வந்தபோது கூட்டம் கூடுதல் அரிதாயிற்று. கம்யூனிஸ்டுக் கலகம் மிகுந்திருந்த ஜொகூர் நாட்டில், தோட்டத்தார் பலர் முள்வேலிக்குள் வாழ நேர்ந்தது. எனினும் சங்க உணர்ச்சி வேறு வழியில் வெளிப்பட்டது. 1952 முதல் தமிழர் திருநாள் கொண்டாடப்படலாயிற்று. சாதியும் மதமும் பாராது தமிழர் அனைவரும் கூடுவதற்கு ஒரு நாள் வேண்டுமென்பது சாரங்கபாணியின் நோக்கம். சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பகுதி அமையவிருந்தபோது, அங்கே தமிழுக்குரிய இடம் கிடைக்கவேண்டுமென்று கிளர்ச்சி நடந்தது. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதியும் திரட்டப்பட்டது. 1956இல் அப்பகுதி தோன்றியது. பல்கலைக்கழக வாயிலை ஒருநாளும் மிதியாதவர்கள் அதன் நூல்நிலையத்தில் தமிழ் நூல்கள் இருக்கவேண்டுமென்று காசு கொடுத்தனர். இதனினும் சிறந்த கொடை எது?

இவை யாவற்றினும் பெரிய கணக்கு 1960இல் எழுதப்பட்டது. அக்காலத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுச் செல்லத் தொடங்கின. வாங்கியோர் துண்டு துண்டாக்கி விற்றனர். வேலை போயிற்று, வேலையோடு லயமும் போயிற்று. மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு சாண் நிலத்திற்கும் உரிமையில்லை என்பதை மக்கள் அப்போதுதான் முழுதும் உணர்ந்தனர். வீ.தி.சம்பந்தன் தோட்டந் தோட்டமாகச் சென்று, ‘பத்து வெள்ளி கொடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம்’ என்னும் கருத்தைப் பரப்பினார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு 100 வெள்ளி. 10 வெள்ளி தவணையாகக் கட்டலாம். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதற் சொத்தாயிற்று. பிரட்டில் பெயர் கொடுத்து நின்றவன் பெயர் பங்குதாரர் பதிவேட்டில் ஏறிற்று.

ஒரு காசுப் பத்திரிகையில் தொடங்கிப் பத்து வெள்ளித் தவணை வரையில் வந்த இவ்வரலாற்றில் நாம் வெற்றியை மட்டும் கண்டு மகிழ்ந்தாற் போதாது. சங்கங்கள் பல தோன்றிய வேகத்திலேயே மறைந்தன. பகைவர் அழித்தவை சில. நாமே அழித்துக்கொண்டவை பல. தலைவர் பதவியைப் பரம்பரைச் சொத்தெனக் கருதியது ஒரு கேடு. கணக்குக் கேட்டவனைத் துரோகி என்றது மற்றொரு கேடு. மூன்றாவது கேடு இவ்விரண்டினும் கொடியது: பெண்கள் சந்தா கொடுக்கலாம், விருந்து சமைக்கலாம், ஆனால் மேடையில் அவர்க்கு இடமில்லை என்றிருந்தது. குறைந்த கூலியிலிருந்து அதிகப் பங்கு கொடுத்தவளுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையை மறுத்த சங்கம் துரைத்தனத்தைக் குறைகூற என்ன யோக்கியதை உடையது?

இன்று ரெங்கத்தைச் சுற்றிலும் செம்பனை நிற்கின்றது. மலேசியத் தோட்டங்களில் பிறநாட்டுத் தொழிலாளரே மிகுந்துள்ளனர்; தமிழர் பெரும்பாலும் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். நாடு விடுதலை பெற்ற 1957இல் 800க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை 520க்குச் சற்று மேல். எஞ்சிய பள்ளிகளுக்காகப் பெற்றோரும் முன்னாள் மாணவரும் விருந்து நடத்தி, நன்கொடைச் சீட்டு விற்று, ஞாயிறுதோறும் கூடிச் சுவருக்கு வண்ணம் பூசித் தொண்டு செய்கின்றனர். அவர்கள் பழைய சங்கத்தாரின் வழித்தோன்றல்களே.

அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. மாலைகளையும் படங்களையும் குறைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவள் எழுந்து, ‘இந்தப் பத்து வெள்ளி எங்கே போயிற்று?’ என்று கேட்டால், முகங்கோணாமல் ஏட்டைத் திருப்பிக் காட்டுங்கள். ரெங்கத்து மண்ணின் இயல்பை ஆராய்ந்தோர் குழிதோண்டிப் பார்த்து எழுதிவைத்தனர். அம்மண்ணில் உழைத்த மக்களின் இயல்பை அறிய விரும்பும் பேரப்பிள்ளைகள் அந்த ஏட்டைத்தான் திறந்து பார்ப்பார்கள்.