இருவர் கை உயர்த்தாத ஒருமனது

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். மாதப் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் கூட்டத்துக்கு வந்தது. வந்திருந்தவர்கள் 23 பேர். கை உயர்த்தியவர்கள் 21 பேர். எதிர்ப்பவர் உண்டா என்று கேட்டதற்கு எவரும் வாய் திறக்கவில்லை. குறிப்பேட்டில் ‘யுனானிமஸ்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

மறுவாரம் ஓய்வூதியத்தில் வாழும் முதிய அம்மையார் ஒருவர் குறிப்பேட்டைப் படித்துவிட்டு வந்தார். “நான் கையே தூக்கலையே தம்பி. என் மனசையும் சேர்த்து எப்படி எழுதினீங்க?”

அகராதியை அதன் பிறகுதான் புரட்டினேன். லத்தீனில் ‘ஊனுஸ்’ என்றால் ஒன்று, ‘அனிமுஸ்’ என்றால் மனம். நம்முடைய ‘ஏகமனதான’ என்பதும் இதே கட்டமைப்புதான். (பகைமையைக் குறிக்கும் ‘அனிமாசிட்டி’யும் அதே ‘அனிமுஸ்’ வழி வந்தது என்பது வேடிக்கை.) எல்லாரும் உடன்பட்டார்கள் என்பதே இதன் பொருள். எவரும் மறுக்கவில்லை என்பது வேறு நிலை. அதற்கு ஆங்கிலேயர் ‘நெம் கான்’ என்ற லத்தீன் சுருக்கத்தை வைத்திருக்கிறார்கள். நான் எழுதியிருக்க வேண்டியது அதைத்தான்.

ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். இராக் குறித்த 1441-ஆம் தீர்மானத்தை 2002 நவம்பரில் 15 உறுப்பு நாடுகளும் ஆதரித்தன, அது யுனானிமஸ். லிபியா குறித்த 1973-ஆம் தீர்மானம் 2011 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவு 10, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி ஆகிய ஐந்தும் வாக்களிக்காமல் விலகி நின்றன. தீர்மானம் நிறைவேறியது, ஒருமனதாக அன்று.

போட்டியின்றித் தேர்வாவதும் இதில் சேராது. 1977-இல் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு 37 பேர் மனு செய்தார்கள். 36 பேரின் மனுக்கள் தள்ளுபடியாக, எஞ்சிய நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றி வென்றார். வாக்கெடுப்பே நடக்காத இடத்தில் ஒருமனதுக்கு ஏது சான்று?

மறுபுறம், காரணங்கள் வேறுபட்டாலும் முடிவு யுனானிமஸாக இருக்கலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் கூறினர். எழுதப்பட்ட தனித்தனித் தீர்ப்புரைகளோ ஆறு.

ஒரு மனிதரின் விடுதலையே இச்சொல்லில் தொங்குவதும் உண்டு. கடுங்குற்ற வழக்குகளில் ஜூரிகள் ஒருமனதாகச் சொன்னால் மட்டுமே ஒருவரைக் குற்றவாளியாக்கலாம் என்று ராமோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. 12 பேரில் 10 பேரின் முடிவால் தண்டனை பெற்றவர் ராமோஸ். இங்கிலாந்திலோ 1967 முதல் 10 பேரின் முடிவே போதும் என்று சட்டம் இடம் தருகிறது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சிலவே. உச்சரிப்பு ‘யு’ என்று தொடங்குவதால் முன்னால் ‘ஏ’ வரும், ‘ஆன்’ வராது. ‘மோர் யுனானிமஸ்’ என்று ஒப்பிட முடியாது. ‘நியர்லி யுனானிமஸ்’ என்பது ஏற்புடையதே. பெயரற்றவரைக் குறிக்கும் ‘அனானிமஸ்’ ஒலியில் அருகிலிருப்பதால் இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

அடுத்த கூட்டத்தில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ‘ஆதரவு 21, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காதோர் 2’ என்று எழுதினேன். கட்டணம் உயர்ந்தது உயர்ந்ததுதான். அம்மையார் திருத்தத்தை ஒருமுறை படித்தார். பேனாவை வாங்கி அதன் ஓரத்தில் தம் கையொப்பத்தை இட்டார்.