மோர் மிளகாய்: ஒரு கோடையில் போட்டால் ஓராண்டுக்கு வரும்

பழைய சோற்றுக்கும் தயிர்ச் சோற்றுக்கும் ஏற்ற எளிய தொடுகறி மோர் மிளகாய். தமிழகத்தில் சித்திரை, வைகாசி வெயிலில் ஆண்டு முழுமைக்கும் போட்டு வைப்பார்கள்.

காம்பு நீக்காத பச்சை மிளகாயைக் கழுவித் துடைத்து, கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவைக்க வேண்டும். பகலில் வெயிலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் போட வேண்டும். மோர் வற்றும்வரை 3, 4 நாள் இப்படிச் செய்து, மிளகாய் வெளுத்துச் சலசலக்கும்வரை உலர்த்த வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெயில் கருகாமல் பொரித்துப் பரிமாறலாம்.

மொட்டை மாடியில் காக்கை விரட்டக் காவல் வைத்த பிள்ளைகள், பக்கத்தில் காயும் கூழ் வடகத்தைப் பாதி ஈரத்திலேயே தின்று தீர்த்தது அந்தக் காலம். இன்று அடுக்குமாடி வீட்டிலும் வெயில் படும் சன்னலோரம் ஒரு தட்டில் கால் கிலோ போடலாம். காக்கைக்குப் பதில், திடீர் மழைக்குத்தான் காவல் தேவை.