குப்புறவா, மல்லாக்கவா?

பேத்தி பிறந்ததற்கு வாழ்த்திய மாணவச் செல்வங்களுக்கும் உறவுகளுக்கும் நன்றி. லண்டனில் இருக்கும் மகளிடம், "குப்புறப் போடு, நல்லாத் தூங்கும்" என்றேன். "மல்லாக்கத்தான்மா போடணும்" என்றாள். சரித்திர டீச்சர் அல்லவா, தேடிப் படித்தேன்.

அமெரிக்க டாக்டர் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் 1946-இல் வந்தது. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்பில், மல்லாந்து வாந்தியெடுத்தால் மூச்சடைக்கும், குப்புறப் போடுங்கள் என்றார். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? தாய்மார் நம்பினார்கள். 1970 வாக்கிலேயே எதிரான சான்றுகள் சிதறிக் கிடந்தன. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

1991-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்ட், தூக்கத்திலேயே கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். குப்புறப் போடாதீர்கள் என்று நியூசிலாந்தில் முன்பே சொல்லி வந்தது தெரிந்ததும் விடாமல் போராடினார். அந்த டிசம்பரிலேயே பிரிட்டனில் பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளில் இத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

ஸ்பாக் நூலின் பழைய பதிப்பைப் படித்துத்தான் என் மகளையும் நான் குப்புறப் போட்டேன். நேற்று அதை அவளிடம் சொன்னேன்.