ஆட்டிசமும் நரம்பியல் பன்மையும்

ஆட்டிசம் (மதியிறுக்கம்) மூளை வளரும் விதத்திலேயே அமையும் வேறுபாடு. பேச்சு, பழகும் முறை, ஓசையையும் ஒளியையும் தொடுதலையும் உணரும் அளவு ஆகியவை இதில் மாறுபடும். மனித மூளைகளின் இயல்பான பல வகைகளில் இதுவும் ஒன்று என்பதே நரம்பியல் பன்மை நோக்கு. 1990களில் ஆட்டிசம் உடையவர்களே எழுப்பிய குரலில் இது வளர்ந்தது.

குஜிலியம்பாறையில் பேருந்தின் ஏர் ஹாரன் அலறும்போது காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும், ஆட்டிசம் உடைய சிறுவனைப் பார்ப்பவர்கள் ‘அடம்’ என்று சொல்லிவிடலாம். உண்மையில் அவன் தன்னை நிலைப்படுத்திக்கொள்கிறான். பேச்சும் அப்படித்தான்: தான் கேட்டதை அப்படியே திருப்பி “தண்ணி வேணுமா?” என்று ஒரு குழந்தை நம்மிடமே கேட்டால், பல நேரம் அதற்குத்தான் தாகம்.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமிருக்கவில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாக ஏற்றது. சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசம் எனக் கொள்வர். உரிமை பெறச் சான்றிதழ் அவசியம். ஆனால் குறைகளையே எண்ணும் அந்த அளவுகோல் குழந்தையை அறியப் போதாது. 2022 மார்ச்சில் தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்குப் பாக் நீரிணையை நீந்திக் கடந்தவர், ஆட்டிசம் உடைய ஜியா ராய். வாழ்நாள் முழுதும் துணை வேண்டுவோரும் உண்டு. அவர்களின் மதிப்பு சாதனையால் வருவதன்று.

பேச்சுப் பயிற்சி பலருக்குத் தேவைதான். ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்துவதைப் பெற்றோரும் ஆசிரியரும் கைவிட வேண்டும்.