பாலத்துறையைக் கடந்த கஃபீன்

கிராண்ட்பாஸ் வீதியில் பத்திரிகைக் காரியாலயமொன்றில் நான் இரவுப் பணியாற்றிய காலத்தில், எங்களை விழித்திருக்கச் செய்தது பக்கத்துக் கடைப் பிளேன்ரீதான். அச்சுக்கோப்பாளரும் ஆசிரியரும் அந்தக் கடை வாங்கில் சமமானவர்கள். இன்று அவ்வீதியிலுள்ள கடைகளின் குளிர்ப்பெட்டிகளில் சக்திப் பான ரின்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அண்மையில், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் பேரன் ஒரே இரவில் அவற்றில் இரண்டைக் குடித்துவிட்டு, "நெஞ்சு படபடக்குது தாத்தா" என்று வந்து நின்றான். "இதுக்குள்ள அப்பிடி என்னதான் இருக்கு?" என்றும் கேட்டான்.

கிராண்ட்பாஸுக்குத் தமிழில் பாலத்துறை என்று பெயர். களனி கங்கையைக் கடக்கும் துறை இது. 1822 இல் படகுகளை வரிசையாகப் பிணைத்து இங்கே பாலம் அமைத்தார்கள். 1895 இல் விக்டோரியா பாலம் வரும்வரை அதுவே வழி. 1867 இல் கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்குமுன், மலைநாட்டுக் கோப்பி மாட்டுவண்டிகளில் இவ்வழியாகவே துறைமுகத்தை நோக்கி வந்தது. 1869 இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறினாலும் விழிக்கவைக்கும் சரக்கு மாறவில்லை. அது கஃபீன். பேரனின் ரின்னிலும் உழைப்பது அதுவே.

ஏனையவை? டோரீன் என்ற பெயர் பலரை மிரட்டுகிறது. 1827 இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் எருதின் பித்தத்திலிருந்து பிரித்தெடுத்ததால் வந்த பெயர். இப்போது தொழிற்சாலையில் இரசாயன முறையில் செய்கிறார்கள். நம் உடலும் அதை உண்டாக்குகிறது. ஜப்பானில் 1962 இல் லிபோவிட்டான் என்னும் ஊக்கபானத்திலும், பின்னர் தாய்லாந்துப் பானத்திலும் சேர்ந்து, 1987 இல் ஒஸ்திரியாவில் ரெட் புல்லாக உலகை வலம்வரத் தொடங்கியது. பிரான்ஸ் அதைக் காரணம் காட்டியே தடை விதித்திருந்து, 2008 இல் விலக்கியது. பானங்களில் உள்ள அளவில் டோரீனால் கவலையில்லை என்று 2009 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை முடிவுசெய்தது. பி வைட்டமின்கள் விளம்பரத்துக்கு உதவும். உண்ணும் உணவிலேயே அவை போதியளவு உண்டு.

சீனியை அப்படி விடமுடியாது. 250 மில்லிலீற்றர் ரின்னில் சுமார் 27 கிராம், அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. இலங்கையில் 2016 முதல் பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளமிடுவது இதற்காகத்தான். வாங்குவோர் அதைப் பார்க்கிறார்களா என்பது வேறு விடயம்.

கஃபீனுக்கு வருகிறேன். அதே ஐரோப்பிய அதிகாரசபை 2015 இல் சொன்ன அளவு: ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், ஒரே தடவையில் 200. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்கும் 200. சிறுவருக்கும் பதின்ம வயதினருக்கும் உடல் நிறையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். இருதய நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. மதுவோடு கலப்பது இன்னும் மோசம். வெறி ஏறியது தெரியாமல் மேலும் குடிக்கவைக்கும். போலந்து 2024 முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இப்பானங்களை விற்பதையே தடுத்திருக்கிறது.

பேரனுக்கு வயது பதினேழு, நிறை ஐம்பது கிலோ. தாங்கும் அளவு 150 மில்லிகிராம். ரின் ஒன்றில் 80, இரண்டில் 160. கடதாசியில் கூட்டிக் காட்டினேன். மாலையில் தாயார் ஊற்றிக்கொடுத்த இரண்டு கோப்பைத் தேநீரை அவன் கணக்கில் சேர்த்திருக்கவேயில்லை.