கெயின் திருகின் பூர்வகதை

போன வருஷம் காரில் சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபையரும் மாட்டினேன். 300 வாட், 4 ஓம். மாட்டிக் கொடுத்த பையன் ஆம்ப்பில் இருந்த 'கெயின்' திருகை முழுக்கத் திருப்பிவிட்டு, "இப்போ கேளுங்க சார்" என்றான். நன்றாகத்தான் அதிர்ந்தது. மூன்றாம் நாள், வேலூரிலிருந்து ஆம்பூர் போகையில், பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் டிக்கியிலிருந்து கருகல் வாடை. சப்வூஃபரின் காயில் போய்விட்டது.

ஆம்பூரில் நாற்பது வருஷமாக மைக் செட் வைத்திருக்கும் ஒரு பாயிடம் புலம்பினேன். "அதை வால்யூம்னு யாரு தம்பி சொன்னது? உள்ள வர்ற சத்தத்துக்கு ஆம்ப்பை ஒத்துப்போக வைக்கிற திருகு அது. மைக்குக்கு ஒரு அளவு, கேசட்டுக்கு ஒரு அளவு. அதிகமா வச்சா மைக் ஊளையிடும், குழாயில யூனிட் போயிடும்" என்றார். பி.இ.யில் கெயின் என்றால் வெளியீட்டை உள்ளீட்டால் வகுப்பது என்று எழுதி மார்க் வாங்கியவன் நான். அதோடு சரி!

இந்த வார்த்தையைத் துரத்திக்கொண்டு போனால் தொலைபேசிக் கம்பியில் போய் முட்டுகிறது. 1915 ஜனவரி 25-ல் நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசித் தடம் திறந்தார்கள். அவ்வளவு தூரம் போவதற்குள் குரல் தேய்ந்துவிடும். அதனால் பிட்ஸ்பர்க், ஒமாஹா, சால்ட் லேக் சிட்டி மூன்று இடங்களிலும் வெற்றிடக் குழாய் பெருக்கிகளை வைத்தார்கள். கம்பி தின்ற அளவைத் திருப்பிக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. கூடுதலாகக் கொடுத்தால் தடமே ஊளையிட ஆரம்பிக்கும். பொறியாளர்கள் அதை 'பாடுகிறது' என்பார்கள். பாய் கல்யாண வீட்டில் கேட்ட அதே ஊளைதான். இந்த இழப்பையும் கெயினையும் அளக்கப் பிறந்த அலகுதான், கிரஹாம் பெல் பெயரைச் சுமக்கும் டெசிபல்.

1927 ஆகஸ்ட் 2-ல் பெல் ஆய்வகத்தின் ஹரோல்ட் பிளாக், படகில் வேலைக்குப் போகும் வழியில், கையிலிருந்த செய்தித்தாளிலேயே ஒரு யோசனையைக் கிறுக்கினார். தேவைக்கு மேல் கெயின் வை, வெளியீட்டில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பி விடு, சிதைவு குறையும். என் டிக்கியில் இருக்கும் ஆம்ப் வரைக்கும் அந்த யோசனை வந்திருக்கிறது.

நம்ம ஊர்க்காரர்களுக்காக ஒரு கிளைக்கதை. 1925-ல் ரைஸும் கெல்லாக்கும் இன்றைய கூம்பு ஸ்பீக்கரின் வடிவத்தை முன்வைத்தார்கள். அதை ஒட்டி வந்த ஸ்பீக்கர்கள் பலவற்றில் காகிதக் கூம்பைச் சட்டத்தோடு இணைத்த விளிம்பு மெல்லிய தோல். ரப்பரும் ஃபோமும் பிறகுதான் நிலைத்தன.

சரி, காருக்கு வருவோம். ஒரு கம்பெனி ஸ்டீரியோ 2 வோல்ட் தரும், இன்னொன்று 4. எது வந்தாலும் ஆம்ப் தன் முழு வாட்டைத் தர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் திருகு. முழுக்கத் திருப்பினால் 0.2 வோல்ட்டிலேயே ஆம்ப் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் வருவதையெல்லாம் தலையை வெட்டி அனுப்பும். வழவழ அலை சதுர அலைக்குக் கிட்டே போகும். உயரம் அதேதான், ஆனால் சதுர அலையில் சக்தி இரண்டு மடங்கு. ஆக 300 வாட் தாங்கும் காயிலுக்குள் 600-ஐ நெருங்கிப் போயிருக்கிறது. வாடை வராமல் என்ன செய்யும்?

காயில் மாற்றிய பிறகு நானே உட்கார்ந்தேன். சப்வூஃபர் ஒயரைக் கழற்றினேன். பாஸ் பூஸ்ட் பூஜ்யம். ஸ்டீரியோ வால்யூம் முக்கால், ஏனென்றால் முழுக்க வைத்தால் பல ஸ்டீரியோக்கள் தாங்களே அலையை வெட்டும். 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஆம்ப் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்தேன். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 300 × 4 = 1200, அதாவது 34.6 வோல்ட். (ஆஸிலோஸ்கோப் இருந்தால் அலை வெட்டுப்படுவதையே கண்ணால் பார்க்கலாம்.) திருகைக் கீழிருந்து மெல்ல ஏற்றினேன். மூன்றில் ஒரு பங்குகூடச் சுற்றவில்லை, 34.6 வந்துவிட்டது.

பாயை முன்சீட்டில் உட்கார வைத்து ஒரு பாட்டு போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். "சரியா இருக்கு. ஆனா வால்யூமைக் கொஞ்சம் குறை தம்பி, தெருவுல கொழந்தைங்க தூங்குது" என்றார்.