மிஹின் லங்கா: ஒன்பதரை வருடம் பறந்த மலிவு விமானம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாள்தானே, ஆறுதலாக வாசியுங்கள்.

நம்முடைய புசல்லாவையில் பாஸ்போட் இல்லாத வீடு குறைவு. டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பமாக இருந்தாலும் சரி, ரொத்சைல்ட், சோகம தோட்டத்து லயத்துக் குடும்பமாக இருந்தாலும் சரி, யாராவது ஒருவர் சவூதியிலோ குவைத்திலோ கட்டாரிலோ இருப்பார், இல்லாவிட்டால் இருந்துவிட்டு வந்திருப்பார். டிக்கட் விலை ஏறினால் தேநீர்க் கடையிலேயே அது பேச்சாகிவிடும். ஆனால் நமக்கென்று ஒரு மலிவு விமானக் கொம்பனி இருந்தது, அது அரசாங்கத்தின் கொம்பனி, அது நம் எல்லோருடைய காசிலும் பறந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். அதுதான் மிஹின் லங்கா.

அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

நம் மலையகத்துக்காரர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் என்றால் ஒரு காலத்தில் கப்பல்தான். தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரம். அதே 1964இல்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் வந்தது. பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்திட்டன. நம் தோட்டங்களிலிருந்தும் தகரப் பெட்டியோடு போனவர்கள் அந்தக் கப்பலில்தான் போனார்கள். அண்ணன் இங்கே, தம்பி கோத்தகிரியில் என்று பிரிந்த குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. 1984இல் யுத்தம் காரணமாக அந்தக் கப்பலும் நின்றுபோனது. அதன் பிறகு கோத்தகிரியில் ஒரு மையத்து விழுந்தாலும், கூடலூரில் ஒரு கல்யாணம் நடந்தாலும், போவதற்கு அப்போது ஒரே வழி ஆகாயமாகவே இருந்தது. தோட்டச் சம்பளத்தில் ஆகாயத்தில் போவது எப்படி?

நாட்டின் முதல் விமானக் கொம்பனி எயார் சிலோன். 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாக மதராசுக்கு டக்கோட்டா விமானத்தில் ஆரம்பித்தார்கள். அது 1978இல் மூடப்பட்டது. அடுத்த வருடம் செப்டம்பரில் எயார் லங்கா பறந்தது. 1998இல் எமிரேட்ஸ் கொம்பனி அதில் பங்கு வாங்கி நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்ற பெயர் அப்போது வந்ததுதான். 2001 ஜூலையில் கட்டுநாயக்க தாக்குதலில் அதன் விமானங்களில் ஏறக்குறைய பாதி அழிந்தோ சேதமாகியோ போயின. அந்த அடியிலிருந்தும் அது எழுந்து நின்றது.

இந்த நேரத்தில் உலகத்தில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் என்ற கொம்பனி 1971இல் தொடங்கிவைத்த முறை ஒவ்வொரு நாடாகப் பரவி வந்தது. அதில் இரகசியம் ஒன்றும் இல்லை. ஒரே வகை விமானம் மட்டும் வைத்துக்கொள்வது. அப்போது ஒரே வகை உதிரிப்பாகம், விமானிக்கும் ஒரே பயிற்சி போதும். முதல் வகுப்பு, வணிக வகுப்பு ஒன்றும் இல்லாமல் ஏ320 விமானத்தில் 180 ஆசனம் போடுவது. சாப்பாட்டுக்கும் பொதிக்கும் தனிக் காசு. எல்லாவற்றையும் விட முக்கியம், விமானம் தரையில் நிற்கக்கூடாது. நம் கம்பளை பஸ்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஸ்டான்டில் நிற்கும் பஸ் உழைக்காது.

மலேசியாவில் 2001இல் டோனி பெர்னாண்டஸ் கடனில் மூழ்கிக் கிடந்த எயார் ஏசியாவை ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கினார். (கடனையும் சேர்த்துத்தான்!) இந்தியாவில் 2003இல் கேப்டன் கோபிநாத் எயார் டெக்கானைத் தொடங்கினார். 'சூரரைப் போற்று' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும், சினிமாவுக்காகக் கொஞ்சம் மாற்றியிருந்தாலும். அதே 2003 ஒக்டோபரில் சார்ஜாவில் எயார் அரேபியா இரண்டே இரண்டு ஏ320 விமானங்களோடு ஆரம்பித்தது. மத்திய கிழக்கின் முதல் மலிவு விமானக் கொம்பனி அதுதான். நம் ஊர் ஆட்களில் எத்தனை பேர் சார்ஜாவில் இறங்கி மாறிப் போயிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் அதுவே ஒரு பதிவாகும்.

சரி, இப்போது மிஹினுக்கு வருவோம்.

2006இல் அரசாங்கம் ஒரு மலிவு விமானக் கொம்பனியைப் பதிவு செய்தது. 2007 ஏப்ரலில் அது பறக்கத் தொடங்கியது. மிஹிந்து தேரர் அசோக மன்னனின் மகன், இலங்கைக்கு பௌத்தத்தைக் கொண்டுவந்தவர், ஆகாய மார்க்கமாக மிஹிந்தலையில் வந்திறங்கினார் என்பது ஐதீகம். விமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் அன்றைய ஜனாதிபதியின் பெயர் மஹிந்த என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. மக்கள் இரண்டையும் சேர்த்தே வாசித்தார்கள். முதல் பிரதம நிறைவேற்று அதிகாரியாக இருந்த சஜின் வாஸ் குணவர்தன பின்னர் பாராளுமன்ற உறுப்பினரானார்.

நோக்கமாகச் சொல்லப்பட்டது நல்ல நோக்கம்தான். புத்தகயாவுக்குப் போகும் யாத்திரிகர்களும் மத்திய கிழக்குக்குப் போகும் தொழிலாளர்களும் குறைந்த விலையில் போக வேண்டும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் உண்மையிலேயே தேவை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நடந்தது என்ன? சொந்தமாக மூலதனம் இல்லை. வாடகைக்கு எடுத்த ஒன்றிரண்டு விமானங்கள். ஒன்று பழுதானால் முழு நேர அட்டவணையும் குலைந்துவிடும், பயணிகள் கட்டுநாயக்கவில் காத்துக் கிடப்பார்கள். புத்தகயா யாத்திரைக்கு ஒரு பருவம் உண்டு, மற்ற மாதங்களில் அந்த ஆசனங்களை யார் நிரப்புவது? விமான வாடகையும் எண்ணெய்க் காசும் நிலுவையாகி, 2008இல், அதாவது தொடங்கி ஒரு வருடம் சென்ற கையோடு, பறப்பு நின்றுவிட்டது. 2009 தொடக்கத்தில் திறைசேரி நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் கொடுத்து மறுபடி எழுப்பியது.

திறைசேரிக் காசு என்றால் யாருடைய காசு? நாம் வாங்கும் சீனி, பருப்பு, மாவு எல்லாவற்றிலும் வரி இருக்கிறது. வாழ்நாளில் ஒரு தடவையும் விமானம் ஏறாத கொழுந்து பறிக்கும் பெண்ணும் அதில் பங்கு கட்டினாள்.

இதே காலத்தில் மற்றக் கொம்பனியிலும் ஒரு சம்பவம். 2007 டிசம்பரில் இலண்டனிலிருந்து வரும் ஸ்ரீலங்கன் விமானத்தில் ஜனாதிபதியின் குழுவினருக்கு ஆசனம் கேட்கப்பட்டது. டிக்கட் எடுத்த பயணிகளை இறக்க முடியாது என்றது எமிரேட்ஸ் நியமித்த நிர்வாகம். அதன் தலைவர் பீட்டர் ஹில்லின் வேலை விசா இரத்துச் செய்யப்பட்டது. 2008 மார்ச்சோடு எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டுவிட்டுப் போனது. 2010இல் அதன் பங்குகளை 5.3 கோடி டொலருக்கு அரசாங்கமே வாங்கிக்கொண்டது. ஆக ஒரே விமான நிலையத்தில், ஒரே முதலாளிக்கு இரண்டு விமானக் கொம்பனிகள். இரண்டுமே நட்டம். தரைச் சேவையும் ஸ்ரீலங்கன் கையில் இருந்ததால், மிஹின் சிக்கனமாக நடத்த நினைத்தாலும் அதன் எல்லை அவ்வளவுதான்.

"அரசாங்கம் வியாபாரம் செய்தால் இப்படித்தான்" என்று சிலர் உடனே சொல்வார்கள். அந்தப் பேச்சை நான் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். வளைகுடாவில் வேலை செய்யும் மலையாளிகள் டிக்கட் விலை தாங்காமல் வருடக்கணக்காகக் குரல் கொடுத்தார்கள். 2005 ஏப்ரலில் எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குப் பறந்தது. அதுவும் அன்று அரசாங்கக் கொம்பனிதான். பயணிகளின் திட்டும் அதற்குக் குறைவில்லை. ஆனாலும் அது தாய்க் கொம்பனிக்குப் போட்டியாக அல்ல, அதன் கையாக வேலை செய்தது. ஒரே வகை போயிங் 737. வருடம் முழுவதும் போக வர ஆள் இருக்கும் பாதைகள். ஏறத்தாழப் பத்து வருடம் கழித்து இலாபமும் காட்டியது. ஆகவே வித்தியாசம் அரசாங்கமா தனியாரா என்பதில் மட்டும் இல்லை. யாருடைய தேவைக்காகத் தொடங்கினார்கள், கணக்கை யாரிடம் காட்டினார்கள் என்பதில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கு மலிவு டிக்கட்டால் என்ன இலாபம்? பெரும்பாலும் முதல் டிக்கட்டை எடுப்பது அங்குள்ள கபீல் அல்லது ஏஜென்சி. விலை குறைந்தால் மிச்சம் அவர்களுக்கு. அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது நள்ளிரவு நேரத்து விமானமும் குறைந்த கிலோப் பொதியும்தான். இரண்டு வருடம் உழைத்து வாங்கிய போர்வையையும் பால்மா டின்னையும் எயார்போட்டில் பெட்டியைத் திறந்து பிரித்து, எதை விடுவது என்று அழுதுகொண்டு நின்ற தாய்மாரைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தன் சொந்தக் காசில் லீவுக்கு வந்து போன ஆண்களுக்கும், டுபாயில் கடை வேலை செய்த இளைஞர்களுக்கும்தான் உண்மையான நன்மை.

மிஹினால் நமக்குக் கிடைத்த நல்ல காரியம் என்று நான் நினைப்பது வேறு. 2012இல் அது மதுரைக்குப் பறந்தது. அதே வருடம்தான் மதுரைக்கு முதல் சர்வதேச விமானமே வந்தது, இந்தியாவின் ஸ்பைஸ்ஜெட் கொழும்புக்கு ஓட்டியது அது. 28 வருடங்களுக்கு முன்னால் கப்பல் நின்றதோடு அறுந்துபோன ஒரு பாதை ஒரு மணித்தியாலப் பறப்பில் மறுபடி திறந்தது. உறவைப் பார்க்கப் போனவர்கள், கண் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், புடவை வியாபாரத்துக்குப் போனவர்கள் எல்லோருக்கும் அது பெரிய வசதி.

வளைகுடாப் பாதையில் மட்டும் அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. எயார் அரேபியாவும், 2009இல் பறக்கத் தொடங்கிய ஃபிளைடுபாயும் பெரிய விமானப் படையோடு நின்றன. சார்ஜாவில் இறங்கியவரை அவர்கள் இன்னும் பல ஊர்களுக்கு ஏற்றிப் போவார்கள். மிஹினுக்கு அப்படி ஒரு சந்தி இல்லை.

2015இல் ஆட்சி மாறியது. சட்டத்தரணி வெலியமுன தலைமையில் ஒரு விசாரணைக் குழு இரண்டு கொம்பனிகளின் கணக்குகளையும் கிளறியது. கடைசியில் 2016 ஒக்டோபர் 30ஆம் திகதியோடு மிஹின் லங்கா நிறுத்தப்பட்டது. பாதைகளில் பலவற்றை ஸ்ரீலங்கன் எடுத்துக்கொண்டது. கடன் நாட்டின் கணக்கில் நின்றது.

மலிவு விமானம் என்ற எண்ணம் அதோடு முடியவில்லை. 1997இல் எக்ஸ்போ என்ற பெயரில் தொடங்கி, யுத்த காலத்தில் இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே பயணிகளை ஏற்றி, பிறகு சரக்கு விமானமாகப் பிழைத்த தனியார் கொம்பனி ஒன்று, ஃபிட்ஸ் எயார் என்ற பெயரில் 2022 ஒக்டோபரில் சர்வதேசப் பயணிகள் சேவைக்கு வந்தது. எந்த வருடம் என்று கவனியுங்கள். நாடு வங்குரோத்தான வருடம். நடு வருடத்தில் விமான எரிபொருள் இல்லாமல் விமானங்கள் இந்தியாவில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. ஒரு ஜனாதிபதியே விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் போன வருடம். அதே வருடத்தில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் அவர்கள் துணிந்திருக்க வேண்டும். முதலில் டுபாய், மாலே. பிறகு சென்னை, டாக்கா.

2024இல் ஸ்ரீலங்கனை விற்க அரசாங்கம் விண்ணப்பம் கோரியபோது ஆறு தரப்புகள் முன்வந்தன. அந்த ஆறில் எயார் ஏசியாவின் ஆலோசனைக் கொம்பனியும் ஃபிட்ஸும் இருந்தன. மலிவு விமானக்காரர்கள் பெரிய கொம்பனியை வாங்க வந்து நின்றார்கள்! பின்னர் வந்த அரசாங்கம் விற்பனையைக் கைவிட்டது. ஸ்ரீலங்கன் இன்னும் நம் கணக்கில்தான் பறக்கிறது.

மிஹினில் மதுரைக்கோ வளைகுடாவுக்கோ போனவர்கள் நம் ஊரில் நிச்சயம் இருக்கிறீர்கள். டிக்கட் என்ன விலை, எத்தனை கிலோ விட்டார்கள், எத்தனை மணித்தியாலம் காத்திருந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். தலைமன்னார் கப்பலில் போய் வந்த வாப்பாமார், தாத்தாமார் வீட்டில் இருந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.